இலையுதிர்காலத்துக்கு வீட்டுல எல்லாருக்கும் சேத்து புத்தகம் எப்படி எடுக்கிறது?

கேள்வி இதுதான்: இலையுதிர்காலம் வந்தாச்சு, சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடுது, வீட்டுல 5 வயசுல ஒரு பொண்ணு, 11 வயசுல ஒரு பையன், ஃபோனை விட்டு கண்ணை எடுக்காத 15 வயசுல இன்னொரு பையன், நாங்க ரெண்டு பேரு, கூட கண்ணு சரியா தெரியாத பாட்டி. எல்லாருமா சேந்து படிக்க நல்ல புத்தகம் சொல்லுங்க.

தலைப்பு வேணும்னா தர்றேன், கீழ வருது. ஆனா அதுக்கு முன்னாடி எப்படி எடுக்கிறதுன்னு சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்ற தலைப்பு உங்க ஊர் நூலகத்துல இல்லாம போகலாம், இருந்தாலும் உங்க பசங்களுக்கு பிடிக்காம போகலாம், எப்படி எடுக்கிறதுன்னு தெரிஞ்சா வேற எதை வேணும்னாலும் நீங்களே எடுத்துக்குவீங்க.

விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். வீடு மொத்தத்துக்கும் சேத்து எடுக்கிற புத்தகத்தை கண்ணால எடுக்காதீங்க, காதால எடுங்க. ஆறு பேரும் ஆளுக்கொரு காப்பி வச்சுகிட்டு படிக்கப் போறதில்ல, ஒருத்தர் வாய்விட்டு படிக்க மத்தவங்க கேக்கப் போறாங்க. அப்ப அந்த புத்தகம் கேக்க நல்லா இருக்கான்னு பாக்கணும், அட்டை எப்படி இருக்கு, எந்த வயசுக்குன்னு பின்னாடி போட்டிருக்கு, எத்தனை ஸ்டார் வாங்கிருக்கு, இதெல்லாம் ரெண்டாம்பட்சம். பசங்களுக்கு தானா படிச்சு புரியுறதை விட காதால கேட்டு புரியுறது ரொம்ப அதிகம், 13, 14 வயசு வரைக்கும் கூட இந்த வித்தியாசம் இருக்கும்னு பள்ளிக்கூட வாசிப்புல வேலை செய்றவங்க சொல்லுவாங்க. அதனாலதான் 11 வயசுப் பையனுக்குன்னு எடுத்த கதையை 5 வயசுப் பொண்ணு மடியில உக்காந்து கேக்குது, பாதி புரியும் பாதி புரியாது, புரியாத பாதியை அதுவே ஏதோ ஒண்ணா நெனச்சுக்கும், அதுல ஒண்ணும் தப்பில்ல. மாத்தி செஞ்சா நடக்காது. 5 வயசுக்கு எடுத்த புத்தகத்தை தினமும் படிச்சா மூணாம் நாள் 15 வயசு ரூமுக்குள்ள போய் கதவை சாத்திக்கும்.

சோதிக்கிறது எப்படின்னா, நூலகத்துலயோ கடையிலயோ நின்னுகிட்டு நடுவுல ஏதாவது ஒரு பக்கத்தை திறந்து மெதுவா வாய்விட்டு படிச்சுப் பாருங்க, முணுமுணுத்தா கூட போதும். முதல் பக்கம் வேணாம், முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் இழைச்சு இழைச்சுதான் வச்சிருப்பாங்க, 80-வது பக்கத்துலதான் உண்மையான நடை தெரியும். மூச்சு எங்க முட்டுது, யார் பேசுறாங்கன்னு பெயர் போடாமலே தெரியுதா, ஒரு பக்கம் முழுக்க ஜன்னலுக்கு வெளிய என்ன தெரியுதுன்னே ஓடுதா, இதைப் பாருங்க. பேச்சு நிறைய இருக்கிற புத்தகம் பெரும்பாலும் பிழைச்சிடும். அடுத்து அத்தியாயம் எவ்வளவு நீளம்னு பாருங்க. இங்கிலீஷ்ல வாய்விட்டு படிச்சா நிமிஷத்துக்கு சுமார் 150 வார்த்தை போகும், தமிழ்ல வார்த்தையெல்லாம் நீளம்ங்கிறதால அதுக்கும் குறைவாத்தான் போகும். அப்ப 3000 வார்த்தை அத்தியாயம்னா இங்கிலீஷ்லயே 20 நிமிஷம். தினமும் ராத்திரி அதுதான் சரியான அளவு, அதுக்கு மேல போனா சின்னது நெளிய ஆரம்பிச்சிடும், படிக்கிறவங்க தொண்டையும் கட்டிக்கும்.

இலையுதிர்காலம்னா என்ன எடுக்கணும்? மஞ்சள் இலையும் பூசணிக்காயும் அட்டையில போட்ட புத்தகம்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, கடைக்காரங்களும் அதைத்தான் முன்னாடி அடுக்கி வைக்கிறாங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. இந்த சீசன் வாசிப்புக்கு குடுக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, சாயங்காலம் நீளுது, வெளிய போய் விளையாட முடியாத நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூடுது. ரெண்டாவது, மனசு தானா கொஞ்சம் உள்ள திரும்புது, பயம், பிரிவு, வீடு திரும்புறது, இந்த மாதிரி கதைகளுக்கு காது தானா திறக்குது, ஜூன் மாசம் போர் அடிச்ச அதே கதை நவம்பர்ல பிடிச்சுப் போகும். அதனால செப்டம்பர்ல லேசா குட்டிக் கதைகள், அக்டோபர்ல கொஞ்சம் திகிலு, துப்பறியும் கதை, நவம்பர்ல ஒரு பெரிய நீளப் பயணம்னு போனா அந்த காலத்தோடயே இழைஞ்சு போகும். பூமியோட தென் பாதியில இருக்கிறவங்களுக்கு மார்ச்ல ஆரம்பிச்சு மே வரைக்கும், மாசத்தை மட்டும் மாத்திக்கோங்க. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கிற நாடுகள்ல இருக்கீங்கன்னா, அப்படி வைக்கிற அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் பெரிய புத்தகத்தை ஆரம்பிக்க நல்ல நாள், திடீர்னு எல்லாரும் இருட்டுல என்ன பண்றதுன்னு தெரியாம வீட்டுல முழிச்சுகிட்டு இருப்பாங்க.

சரி, புத்தகத்துக்கு வர்றேன். சின்னதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஆர்னால்ட் லோபல் எழுதி அவரே படமும் போட்ட ஒரு தவளை, ஒரு தேரை கதைங்க இருக்கு, நாலு புத்தகம், 1970-ல முதல் புத்தகம் வந்துச்சு. அதுல 1976-ல வந்த 'ஃப்ராக் அண்ட் டோட் ஆல் இயர்'ல அக்டோபர் மாசத்துக்குன்னே ஒரு கதை இருக்கு. இலையெல்லாம் கொட்டிக் கெடக்கு. தவளை நெனைக்குது, தேரை வீட்டுக்கு யாருக்கும் தெரியாம போய் அங்க இருக்கிற இலையை எல்லாம் கூட்டி வச்சிட்டு வந்தா அது சந்தோஷப்படும்னு. அதே நேரத்துல தேரையும் தவளை வீட்டுக்கு போய் அதையே பண்ணணும்னு நெனச்சு கிளம்புது. ஒண்ணு கண்ணுல ஒண்ணு படக்கூடாதுன்னு ஆளுக்கொரு பக்கமா மறைஞ்சு போறாங்க, ரெண்டு வீட்டுலயும் சுத்தமா கூட்டி குவிச்சு வைக்கிறாங்க, திரும்பி வர்ற வழியில காத்து அடிச்சு ரெண்டு குவியலும் கலைஞ்சு பழையபடி எல்லா இடமும் இலை. ரெண்டு பேருக்கும் தெரியாது. ஆளுக்கொரு வீட்டுல போய், ஐயோ நம்ம வாசல்ல இவ்ளோ இலை கெடக்கு, நாளைக்கு பாத்துக்கலாம், அவன் வீட்டை பாத்து அவன் எவ்ளோ ஆச்சரியப்பட்டிருப்பான்னு சந்தோஷமா படுத்துக்கிறாங்க. அவ்வளவுதான் கதை, சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

இதை இவ்ளோ விளக்கமா ஏன் சொல்றேன்னா குடும்பமா கேக்குற கதைன்னா எப்படி இருக்கணும்ங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. 5 வயசுக்கு, அந்த ரெண்டு பேருக்கும் தெரியாதது எனக்கு தெரியும்ங்கிற பெருமை, சிரிச்சு சிரிச்சு உருளும். 11 வயசு, அப்ப ரெண்டு பேரும் பண்ண வேலை வேஸ்ட்தானேன்னு சண்டைக்கு வரும். பெரியவங்களுக்கு வேற எங்கயோ போய் தைக்கும். ஒரே வரிதான், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க உயரத்துல நின்னு கேக்குறாங்க. இந்த மாதிரி எந்த புத்தகம் பண்ணுதோ அதை வயசு பாக்காம எடுங்க.

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான் இருக்கும், பெரிய தாளை மடிச்சு அச்சடிக்கிற கணக்குல அப்படி வருது, அதனால ஒரு ராத்திரிக்கு ரெண்டு மூணு கூட ஓட்டலாம். பெரிய கதைக்கு முன்னாடி ஒண்ணு இதுல படிச்சிட்டு சின்னதை திருப்திப்படுத்திட்டா அப்புறம் பெரியவங்க கதைக்கு அது தொந்தரவு பண்ணாம கெடக்கும், பாதியில தூங்கியும் போயிடும்.

அடுத்து அக்டோபர். இதுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ்தான் என் சாய்ஸ், யோசிக்கவே வேணாம். 56 சிறுகதை, 4 நாவல், காப்புரிமை எல்லாம் முடிஞ்சு போச்சு, எங்கயும் இலவசமா கிடைக்கும். சிறுகதை ஒண்ணு வாய்விட்டு படிச்சா ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும், வாரக்கடைசிக்கு சரியா இருக்கும். 'தி ஃபைவ் ஆரஞ்ச் பிப்ஸ்' செப்டம்பர் கடைசியில புயல்காத்தும் மழையும் ஜன்னலை அறையுற ராத்திரியிலதான் ஆரம்பிக்குது, ஆனா அதுல உதவி கேட்டு வந்த ஆளே செத்துப் போறான், அமெரிக்காவுல நிறவெறி கும்பல் ஒண்ணு பண்ண அட்டூழியமும் பின்னாடி வருது, சின்னது தூங்கினப்புறம் படிங்க. 15 வயசுக்கு அந்த இடத்துல நிறைய கேள்வி வரும், வரட்டும், நிறுத்திட்டு பேசுங்க.

நாவல்னா 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. 1901-ல இருந்து 1902 வரைக்கும் பத்திரிகையில தொடரா வந்தது, மொத்தம் 15 அத்தியாயம். நடுவுல ஹோம்ஸோட நண்பர் வாட்சன் அவருக்கு எழுதுற கடிதங்கள்ல அக்டோபர் தேதி போட்டிருக்கும், அதே தேதியில நீங்க அந்த கடிதத்தை படிக்கிற மாதிரி திட்டம் போட்டா பசங்க விட மாட்டாங்க. முதல் அத்தியாயத்துல ஒரு கைத்தடி வரும். யாரோ வந்து காத்திருந்து பாத்துட்டு மறந்து வச்சிட்டு போன தடி. ஹோம்ஸ் அதை வாட்சன்கிட்ட குடுத்து, இதோட சொந்தக்காரன் எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லுங்கறாரு. தடியில வெள்ளிப் பூண், அதுல பெயரும் 1884-ங்கிற வருஷமும், நடுவுல பல் தடம். அங்க புத்தகத்தை மூடிடுங்க. மூடிட்டு, வீட்டுல ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்லுங்க, பாட்டியில இருந்து ஆரம்பிங்க. வாட்சன் சொல்றதுல பாதிக்கு மேல தப்புன்னு அடுத்த பக்கத்துல ஹோம்ஸ் நாசூக்கா சொல்லுவாரு, உங்க வீட்டுல யாராவது வாட்சனை விட நல்லா சொல்லிருந்தா அன்னைக்கு பூரா தரையில கால் பாவாது அவங்களுக்கு. ரெண்டாவது அத்தியாயம் முடியுற வரி என்னன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த வரியோட விளக்கை அணைச்சிட்டு, நாளைக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சு போங்க. 15 வயசு ராத்திரியே ஃபோன்ல மிச்சத்தை தேடி படிச்சா ஜெயிச்சிட்டீங்க, திட்டாதீங்க.

தொடரா வந்த கதையெல்லாம் குடும்ப வாசிப்புக்கு இவ்ளோ நல்லா வேலை செய்றதுக்கு காரணமே அதுதான், அடுத்த இதழை வாங்க வைக்கணும்னு ஒவ்வொரு தவணையையும் கொக்கி போட்டு முடிச்சிருப்பாங்க. தமிழ்ல பொன்னியின் செல்வன் அப்படித்தான், 1950-ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாராவாரம் வந்தது, அஞ்சு பாகம். ஒரே சீசன்ல முடியாது, முடிக்கணும்னு நெனைக்கவும் வேணாம், முதல் பாகம் மட்டும் இந்த வருஷம்னு வச்சுக்கோங்க. பெயர்கள் நிறைய வரும், யார் யாருக்கு என்ன உறவுன்னு 11 வயசுகிட்ட ஒரு பெரிய தாள்ல வரைஞ்சுகிட்டே வரச் சொல்லுங்க. பாட்டி இதை ஏற்கனவே படிச்சிருக்க வாய்ப்பு அதிகம், அடுத்து என்ன நடக்கும்னு வாயை விட்டுடாம பாத்துக்கிறது உங்க பொறுப்பு.

நவம்பருக்கு பெரிய பயணம்னு சொன்னேன்ல, அதுக்கு 'தி ஹாபிட்'. 1937 செப்டம்பர் 21-ல வெளிவந்தது, டோல்கீன் தன் பிள்ளைங்களுக்கு சொன்ன கதை, அதனாலயே வாய்விட்டு படிக்க அவ்ளோ வாகா இருக்கும், கதை சொல்றவர் நடுநடுவுல நம்மகிட்ட திரும்பி பேசுவாரு. இதை பதிப்பகத்துக்காக முதல்ல படிச்சு கருத்து எழுதிக் குடுத்தது யார் தெரியுமா, பதிப்பாளரோட 10 வயசுப் பையன் ரேனர் அன்வின், அதுக்கு அவனுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம். 5-ல இருந்து 9 வயசு வரைக்கும் எல்லா பிள்ளைங்களுக்கும் பிடிக்கும்னு எழுதியிருந்தான், 10 வயசு ஆயாச்சே, பெரிய மனுஷன்ல. இதை உங்க 11 வயசுகிட்ட சொல்லுங்க, ஒவ்வொரு புத்தகம் முடிஞ்சதும் அவனும் ஒரு சின்ன ரிப்போர்ட் எழுதட்டும், சம்பளம் என்னன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க. கதையோட முக்கியமான திருப்பமே இலையுதிர்காலத்தோட கடைசி நிலாவை நம்பி நிக்குது, ஒரு குறிப்பிட்ட நாள்ல மட்டும்தான் மலையில இருக்கிற ரகசியக் கதவோட சாவித் துவாரம் தெரியும். 19 அத்தியாயம், சிலது ரொம்ப நீளம், அதையெல்லாம் ரெண்டா உடைச்சுக்கோங்க. நடுவுல பாட்டு நிறைய வரும், மெட்டு தெரியலைன்னா தெரிஞ்ச ஏதாவது மெட்டுல பாடிடுங்க, தாண்டி மட்டும் போகாதீங்க.

இப்ப அந்த 15 வயசு. இந்த வயசுக்கு புத்தகம் எடுத்து குடுத்தாலே தொடாது, நல்ல புத்தகம்னு சொன்னா ஆயுசுக்கும் தொடாது. அவனை கேக்க வைக்க முயற்சி பண்ணாதீங்க, படிக்கிற வேலையை அவன்கிட்ட குடுங்க. வில்லன் குரல் அவனுக்குன்னு சொல்லுங்க. தனியா படிக்கன்னா 'ஃபிராங்கன்ஸ்டைன்' பக்கம் ஒரு தடவை தள்ளிப் பாக்கலாம், ஆனா புத்தகத்தை நீட்டாதீங்க, அது பொறந்த கதையை சாப்பாட்டு நேரத்துல சும்மா பேச்சுவாக்குல சொல்லுங்க. 1815-ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சது, அந்த சாம்பலும் புகையும் மேல போய் அடுத்த வருஷம் உலகத்துல பல இடத்துல வெயில்காலமே வரல, பயிர் எல்லாம் போச்சு. அந்த 1816-ல ஜெனீவா ஏரிக்கரையில ஒரு இளவட்டக் கூட்டம் மழையில வெளிய போக முடியாம வீட்டுல அடைஞ்சு கெடந்தாங்க, கவிஞர் பைரன் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு சொன்னாரு, அங்க இருந்த 18 வயசுப் பொண்ணு மேரி எழுத ஆரம்பிச்சதுதான் இது. 1818-ல புத்தகமா வந்தப்ப எழுதினவங்க பெயரே போடல. 18 வயசுன்னா இவனை விட மூணே வருஷம் பெரியவ, அது வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை, அந்த நாவல் கடிதங்களோட ரொம்ப மெதுவா ஆரம்பிக்கும், நிறைய பேர் அங்கயே இறங்கிடுவாங்க. இப்ப பரவலா கிடைக்கிற 1831 பதிப்புல 5-வது அத்தியாயத்துலதான் அந்த உருவம் கண்ணைத் திறக்குது, நவம்பர் மாச ராத்திரி ஒண்ணுல. அங்க இருந்து படிக்கச் சொல்லிட்டு, பிடிச்சா முன்னாடி போய்க்கோன்னு விடுங்க. இலக்கியம் பாடம் எடுக்கிறவங்க என்னை அடிக்க வருவாங்க, பரவாயில்ல.

பயம் பத்தி ஒரு வார்த்தை. பசங்களுக்கு பயப்பட பிடிக்கும், பக்கத்துல ஆள் இருந்தா. ஆனா எந்த பிள்ளைக்கு எது பயம்னு உங்களுக்குத்தான் தெரியும், ரத்தத்துக்கு அசராத பிள்ளை அம்மா தொலைஞ்சு போற கதையில அழுதுடும். அதனால பெரியவங்க ஒரு அத்தியாயம் முன்னாடியே படிச்சு வச்சுக்கணும், இது கட்டாயம். 'ஷார்லட்ஸ் வெப்'னு ஈ.பி.வைட் 1952-ல எழுதினது, ஒரு பன்னிக்குட்டியும் சிலந்தியும் நண்பர்கள், வசந்தத்துல ஆரம்பிச்சு இலையுதிர்காலத்துல சிலந்தி முட்டை வச்சிட்டு செத்துப் போகுது. வைட் தானே இதை ஆடியோவா படிச்சு பதிவு பண்ணாரு, அந்த சாவு வர்ற இடத்துல எழுதின ஆளுக்கே அழுகை வந்து திரும்பத் திரும்ப படிக்க வேண்டியதா போச்சு. அப்ப உங்க குரல் உடையாதுன்னு என்ன நிச்சயம். உடைஞ்சா உடையட்டும், ஆனா அதை தூங்கப் போற நேரத்துல வச்சுக்காதீங்க, பகல்ல படிங்க, அடுத்த அத்தியாயத்தையும் அதே மூச்சுல சேத்து படிச்சிடுங்க, அதுல முட்டையெல்லாம் பொரிச்சு குஞ்சுங்க வெளிய வரும். அந்த ரெண்டையும் பிரிச்சு ரெண்டு நாள் ஆக்கினா சின்னதுக்கு பாவம்.

கதையே பிடிக்காத பிள்ளைங்களும் இருக்கு, அதை குறையா நெனைக்காதீங்க. அதுக்கு இந்த சீசன்ல வெளிய நடக்குறதே பாடம். இலை ஏன் நிறம் மாறுது, பச்சையம் உடைஞ்சு போக போக ஏற்கனவே உள்ள இருந்த மஞ்சள் வெளிய தெரியுது, சிவப்பு மட்டும் பல மரங்கள்ல அந்த நேரத்துலதான் புதுசா உண்டாகுது. பறவைங்க எங்க போகுது, மோனார்க் பட்டாம்பூச்சி முன்ன பின்ன போயிருக்காத இடத்துக்கு எப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வழி தெரிஞ்சு போகுது, இதுக்கெல்லாம் படத்தோட நல்ல அறிவியல் புத்தகங்கள் நிறைய இருக்கு. வாங்குறப்ப அச்சான வருஷத்தை மட்டும் பாத்துக்கோங்க, பறவை வலசை பத்தின தகவல்லாம் கருவி பொருத்தி கண்டுபிடிச்சது, பழைய புத்தகத்துல பழசாத்தான் இருக்கும்.

அடுத்து பாட்டிக்கு என்னன்னு பாக்கலாம். கண்ணு தெரியலைங்கிறதால அவங்களை கேக்குறவங்களா மட்டும் உக்கார வச்சிடாதீங்க. கி.ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் இருக்கு, அதுல ஒண்ணை நீங்க படிங்க, படிச்சு முடிக்கிறதுக்குள்ள, இது அப்படி இல்ல, எங்க ஊர்ல வேற மாதிரி சொல்லுவாங்கன்னு அவங்க ஆரம்பிப்பாங்க, அப்ப புத்தகத்தை கீழ வச்சிடுங்க. எல்லா கதையும் சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாது, சிலது பச்சையாவே இருக்கும், முன்னாடியே பாத்து எடுத்துக்கோங்க. பாட்டிக்கு பகல்ல தனியா கேக்க ஆடியோ புத்தகம் போட்டுக் குடுங்க, வேகத்தை கொஞ்சம் குறைச்சு வச்சா நிம்மதியா கேப்பாங்க. பெரிய எழுத்துப் புத்தகம் தேடி அலையுறதை விட டேப்லெட்ல எழுத்தைப் பெருசாக்கிக் குடுக்கிறது சுலபம்.

கூடவே இன்னொண்ணு, சொன்னா சிரிப்பீங்க, நெடுநல்வாடை. சங்கப் பாட்டு, நக்கீரர் எழுதினது, 188 அடி. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி வெறுத்துப் போன ஞாபகம் இருந்தா அதை ஓரமா வச்சிட்டு உரையோட முதல் எழுபது எண்பது அடி மட்டும் எடுத்து பாருங்க. கூதிர்னு சொல்ற குளிர் காலம், விடாம மழை. மாடு மேய்க்கிறவங்க மாட்டை மேட்டு நிலத்துக்கு ஓட்டிட்டு போய், கையை நெருப்புல காட்டி கன்னத்துல வச்சுக்கிறாங்க, பல்லு தந்தி அடிக்குது. குரங்கு குளிர்ல கூனிக்கிட்டு உக்காந்திருக்கு. மாடு கன்னுக்குட்டியை பால் குடிக்க விடாம உதைக்குது. வானம் மூடிக் கெடக்கிறதால மணி என்னன்னே தெரியல, பொண்ணுங்க தட்டுல வச்ச பிச்சி மொட்டு விரிஞ்சு வாசம் வந்ததை வச்சு, ஓ சாயங்காலம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுகிட்டு விளக்கு ஏத்துறாங்க. வீட்டுல வளர்ற புறாவுக்கு ராத்திரியா பகலான்னு தெரியாம இரை தேடக் கூட போகாம குழம்பிப் போய் நிக்குது. 5 வயசுக்கு அந்த குரங்கையும் புறாவையும் நடிச்சுக் காட்டச் சொன்னா ஒரு சாயங்காலம் ஓடிடும். அப்புறம் வர்ற அரண்மனை, கட்டில் வர்ணனை எல்லாம் பெரியவங்க சமாச்சாரம், அதை நீங்க ரெண்டு பேரும் அப்புறமா படிச்சுக்கோங்க.

பொதுப் புத்தகம் ஒண்ணு ஓடுறப்ப ஆளாளுக்கு சொந்தமா ஒண்ணு இருக்கணும், அதுல யாரும் தலையிடக் கூடாது. 11 வயசு காமிக்ஸ் எடுத்தா எடுக்கட்டும், 15 வயசு கிரிக்கெட் வீரரோட சுயசரிதை எடுத்தா எடுக்கட்டும், 5 வயசு ஒரே புத்தகத்தை நாப்பதாவது தடவை எடுத்தாலும் எடுக்கட்டும். பிள்ளைக்கு தானா படிக்க கஷ்டமா இருக்குமான்னு பாக்க ஐந்து விரல் கணக்கு ஒண்ணு இருக்கு, ஒரு பக்கம் படிக்கறப்ப தெரியாத வார்த்தை வந்தா ஒரு விரல் மடக்கணும், அஞ்சும் மடங்கிட்டா அது இப்போதைக்கு கஷ்டம், நீங்க படிச்சுக் காட்டுற பட்டியலுக்கு மாத்திடுங்க.

பிடிக்காத புத்தகத்தை விடுறது பத்தியும் சொல்லணும். டேனியல் பென்னாக்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர், வாத்தியாராவும் இருந்தவர், 1992-ல வாசகனுக்கு பத்து உரிமைன்னு எழுதினாரு, அதுல பக்கத்தை தாண்டுற உரிமை, முடிக்காம விடுற உரிமை எல்லாம் உண்டு, படிக்காமலே இருக்கிற உரிமைதான் முதல்லயே வருது. நான்சி பேர்ல்னு ஒரு அமெரிக்க நூலகர் சொன்ன கணக்கு இன்னும் ஜாலியா இருக்கும், 50 பக்கம் படிச்சுப் பாரு, பிடிக்கலைன்னா விட்டுடு, வயசு 50-க்கு மேல போயிட்டா 100-ல இருந்து வயசைக் கழிச்சு வர்ற பக்கம் மட்டும் படிச்சா போதும். பாட்டிக்கு 78-னா 22 பக்கத்துல தீர்ப்பு சொல்லிடலாம். குடும்பப் புத்தகத்துக்கு மூணு ராத்திரி குடுங்க, அதுக்கப்புறம் ஓட்டெடுப்பு, பாட்டிக்கும் 5 வயசுக்கும் உட்பட ஆளுக்கொரு ஓட்டு. வாங்கிட்டோமேன்னு இழுத்துக்கிட்டு போனா அடுத்த புத்தகத்துக்கு ஒருத்தரும் வந்து உக்கார மாட்டாங்க.

மொழிபெயர்ப்பு எடுக்கிறப்ப அந்த முணுமுணுப்பு சோதனையை ரெண்டு மடங்கு கறாரா பண்ணுங்க. "அவன் வந்துகொண்டிருந்தவனாகக் காணப்பட்டான்"ங்கிற மாதிரி ஓடுற புத்தகத்தை எவ்ளோ பெரிய கிளாசிக்கா இருந்தாலும் வாய்விட்டு படிக்க முடியாது, நாக்கு சுளுக்கிக்கும். நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்கலைன்னா இங்கிலீஷ் புத்தகத்தை கையில வச்சுகிட்டு பாத்துப் பாத்து தமிழ்ல சொல்லிடுங்க, பாட்டிக்கும் புரியும், வேகம் குறையும்தான், ஆனா அந்த தமிழ் உங்க வீட்டுத் தமிழா இருக்கும். சுருக்கப் பதிப்பு எனக்கு பிடிக்காது, ஹோம்ஸ் கதையை சுருக்கினா யார் கொன்னதுங்கிறது மட்டும்தான் மிஞ்சும், அந்த தடியும் பல் தடமும் போயிடும்.

உங்க ரெண்டு பேருக்கு, எல்லாரும் தூங்கினப்புறம், டூவே யான்சன் எழுதின 'மூமின்வேலி இன் நவம்பர்', 1970-ல வந்தது, மூமின்னு ஒரு கற்பனைப் பிராணிக் குடும்பத்தோட கதை வரிசையில கடைசி நாவல். பசங்க புத்தகம்னுதான் பேரு, ஆனா அந்த குடும்பத்தைப் பாக்கணும்னு ஒவ்வொருத்தரா தேடி வர்றாங்க, குடும்பமோ கதை பூரா வீட்டுல இல்ல. எழுதினவங்களோட அம்மாவும் அதே வருஷம்தான் இறந்தாங்க. இதை 5 வயசுக்கு படிச்சுக் காட்டாதீங்க, மூமின் எங்க, மூமின் எங்கன்னு கேட்டே உயிரை எடுத்துடும்.

எங்க கிடைக்கும்னா, காப்புரிமை முடிஞ்ச இங்கிலீஷ் புத்தகங்களுக்கு 1971-ல ஆரம்பிச்ச குட்டன்பர்க் திட்டம், அதே மாதிரி புத்தகங்களை தன்னார்வலர்கள் படிச்சு ஆடியோவா போடுற லிப்ரிவாக்ஸ், பழைய தமிழ் நூல்களுக்கு 1998-ல இருந்து ஓடுற மதுரைத் திட்டம், சின்னப் பசங்களுக்கு தமிழ் உட்பட நிறைய மொழியில படக்கதை வச்சிருக்கிற ஸ்டோரிவீவர், எல்லாமே இலவசம். லிப்ரிவாக்ஸ்ல ஒரே கதைக்கு பல குரல் இருக்கும், பாட்டிக்கு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு போடுங்க. தவளை தேரை, ஹாபிட், ஷார்லட், மூமின் நாலும் இதுல கிடைக்காது, நூலகத்துலதான் எடுக்கணும், அக்டோபர் வந்துட்டா திகில் கதை எல்லாத்துக்கும் கியூ நிக்கும், செப்டம்பர் முதல் வாரமே ரிசர்வ் போட்டு வச்சிடுங்க, ஹாபிட் மட்டும் ரெண்டு காப்பி, ஏன்னா 11 வயசு பொறுக்க மாட்டாம முன்னாடி ஓடிப் போய் படிக்கும்.